காதின் மேல் அமரும் ஹெட்போன்: எண்ணைப் பார்ப்பதா, காதைக் கேட்பதா?

கைப்பேசிக் கடையின் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கும் ஹெட்போன் பெட்டிகளைப் படித்துப் பாருங்கள். எல்லாம் எண்களாகவே இருக்கும். 50 மணி நேர பேட்டரி, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், 30 மில்லிமீட்டர் ஸ்பீக்கர், புளூடூத் 5 புள்ளி ஏதோ ஒன்று. பாரிட் புந்தாரில் வாங்கினாலும், கெரியான் ஆற்றைத் தாண்டி நிபோங் தெபாலுக்குப் போய் வாங்கினாலும், இணையத்தில் தருவித்தாலும் பெட்டி சொல்வது ஒன்றுதான். நூறு ரிங்கிட்டுக்கும் முந்நூறு ரிங்கிட்டுக்கும் இடைப்பட்ட கம்பியில்லா ஹெட்போன்களில் பல காதின் மேல் அமரும் ரகம். காதைச் சுற்றி முழுதாக மூடும் பெரிய ரகமும் அல்ல, காதுத் துளைக்குள் செருகும் சிறிய ரகமும் அல்ல. சிறு மெத்தை வைத்த வட்டம் காது மடல் மீது நேராக உட்காரும். இந்த ரகத்தின் தரத்தைப் பெட்டியில் இருக்கும் எண் எதுவும் சொல்லாது. மெத்தைக்கும் உங்கள் காதுக்கும் நடுவே இடைவெளி விழுகிறதா, விழாமல் இருக்க எவ்வளவு அழுத்தம் தேவைப்படுகிறது என்ற இரண்டும்தான் இசையின் தரம், காதின் சுகம், செவித்திறனின் பாதுகாப்பு மூன்றையும் முடிவு செய்கின்றன. ஆகவே மதிப்பீட்டை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எண்களை ஒதுக்குவதற்குக் காரணம் உண்டு. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்பது நல்ல காதுள்ள இளைஞர் கேட்கக்கூடிய எல்லை. அந்த எல்லைக்குள் எந்தச் சுருதியை எவ்வளவு ஏற்றி இறக்கி ஒலிக்கிறது என்ற விவரம் இல்லாவிட்டால் அந்த வரியால் பயனில்லை. மோசமான ஹெட்போனும் அதே வரியைப் போட்டுக்கொள்ளலாம், பொய்யும் ஆகாது. சோனியின் டபிள்யூ.எச்-சி.எச்.520, ஜே.பி.எல். டியூன் 520பி.டி. என இரண்டு பிரபலமான உருப்படிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 2023இல் வந்தவை. முன்னதன் எடை 147 கிராம், பேட்டரி 50 மணி நேரம். பின்னதன் எடை 157 கிராம், பேட்டரி 57 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் கேட்பவர் முதலாவதை இருபத்தைந்து நாளுக்கு ஒருமுறை சார்ஜ் செய்வார், இரண்டாவதை இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை. மூன்று நாள் வித்தியாசத்துக்காக ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. பத்து கிராமை எந்தத் தலையும் உணராது. ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையான கோடெக் விவகாரமும் ஏறக்குறைய இப்படித்தான். எல்லா புளூடூத் ஹெட்போனிலும் எஸ்.பி.சி. கட்டாயம் இருக்கும், சோனியின் எல்.டி.ஏ.சி. நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்ப வல்லது என்று விளம்பரம் சொல்வதும் உண்மையே. ஆனால் மெத்தையின் ஓரத்தில் இடைவெளி விழுந்து கீழ்ச்சுருதி வெளியேறிவிட்டால் 990 கிலோபிட்டில் வந்த தாளமும் சேர்ந்தே வெளியேறிவிடும்.

கீழ்ச்சுருதி மட்டும் ஏன் வெளியேறுகிறது? மெத்தை, காது, ஸ்பீக்கர் மூன்றுக்கும் நடுவே சிறியதொரு காற்றறை உண்டாகிறது. ஸ்பீக்கரின் சவ்வு முன்னும் பின்னும் அசையும்போது அந்த அறையின் காற்றழுத்தம் ஏறி இறங்குகிறது. செவிப்பறை உணர்வது அந்த ஏற்ற இறக்கத்தை. மேல்சுருதியில் சவ்வு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை துடிப்பதால், சிறு இடைவெளி வழியே காற்று நழுவுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும். கீழ்ச்சுருதியில் நொடிக்கு ஐம்பது, அறுபது துடிப்புதான். அவகாசம் இருப்பதால் காற்று ஓரம் வழியாகப் போய்விடுகிறது. அழுத்தம் சேர்வதே இல்லை. இதனால்தான் ஒரே ஹெட்போனை ஒருவர் ‘கனமான ஒலி’ என்று மெச்சுகிறார், இன்னொருவர் ‘தகரச் சத்தம்’ என்று திட்டுகிறார். இருவரும் தாம் கேட்டதைத்தான் சொல்கிறார்கள். காதுகள்தான் வேறு.

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. நன்கு பதிவான ஒரு மிருதங்கத் தனியையோ, தைப்பூச ஊர்வலங்களில் கேட்டுப் பழகிய உறுமி மேளப் பதிவையோ ஓட விடுங்கள். மிருதங்கத்தின் இடந்தலையான தொப்பி எழுப்பும் ஆழ்ந்த ஒலியும், வளைந்த குச்சி தோலை உரசும்போது உறுமியிலிருந்து வரும் உறுமலும் கீழ்ச்சுருதிக்கு நல்ல சாட்சிகள். பாட்டு ஓடும்போதே இரண்டு உள்ளங்கைகளாலும் வட்டங்களைக் காதோடு மெல்ல அழுத்துங்கள். தொப்பியின் ஒலி திடீரென்று பெருத்தால், அழுத்தாதபோது இடைவெளி இருந்தது என்று பொருள். அழுத்தியும் மாற்றம் தெரியாவிட்டால் மெத்தை ஏற்கெனவே நன்றாக அடைத்திருக்கிறது. ஒரு நிமிடம்கூட ஆகாத இந்த உள்ளங்கைச் சோதனை பெட்டியின் நான்கு பக்கமும் அச்சிட்டதைவிட அதிகம் சொல்லும். பிறகு தலைப்பட்டையை ஒரு படி நீட்டியும் ஒரு படி குறுக்கியும், வட்டத்தைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தியும் பாருங்கள். எங்கே வைத்தாலும் கீழ்ச்சுருதி ஏறக்குறைய மாறாமல் இருந்தால் அந்த ஹெட்போன் உங்கள் காதுக்குப் பொருந்துகிறது. ஒரே ஒரு நிலையில் மட்டும் நன்றாகக் கேட்டால் வீட்டுக்குப் போனபின் அந்த நிலையைத் தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

சோதிக்கும்போது நீங்கள் அன்றாடம் எப்படி இருப்பீர்களோ அப்படியே இருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடும், தோடோ ஜிமிக்கியோ போடுபவர் அதோடும் கேட்டுப் பார்க்க வேண்டும். உலகச் சந்தைக்காக எழுதப்படும் விமர்சனங்களில் தோட்டைப் பற்றி ஒரு வரி இருப்பதே அபூர்வம். நம் பெண்களில் பெரும்பாலோர் அதைக் கழற்றுவதில்லை. காதைச் சுற்றி மூடும் பெரிய ரகத்தில் தோடு வட்டத்துக்குள் தப்பித்துக்கொள்ளும். காதின் மேல் அமரும் ரகத்தில் மெத்தை நேராகத் தோட்டின் மீதே அமர்கிறது. மெத்தையும் தோலும் ஒட்டாதபடி அது ஓரத்தைத் தூக்கிப் பிடிக்கும். போதாக்குறைக்கு, பின்பக்கத் திருகு காதுக்குப் பின்னால் எலும்பில் குத்தும். மூக்குத்திபோல் சிறிய கல் தோடு என்றால் பாதகமில்லை. அகலத் தோடு என்றால் மடலின் கீழ்ப்பகுதியைத் தொடாத சிறிய வட்டமாகத் தேட வேண்டும், இல்லாவிட்டால் இந்த ரகத்தையே விட்டுவிட வேண்டும். கண்ணாடியின் கால்களும் காதுக்கு மேலே இதே வேலையைச் செய்யும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழலாம். இணையத்தில் கருவி வைத்து அளந்து, வரைபடம் போட்டுக் காட்டுகிறார்களே, ஒரு கடையில் ஐந்து நிமிடம் கேட்பதைவிட அது நம்பகமானது இல்லையா? பேட்டரி எவ்வளவு நேரம் ஓடும், புளூடூத் இணைப்பு அறுந்து அறுந்து வருகிறதா, இரண்டு கருவிகளோடு ஒரே நேரத்தில் இணையுமா என்பவற்றுக்கு அத்தகைய அளவீடு கடைச் சோதனையைவிட மேல்தான், மறுப்பதற்கில்லை. ஒலியைப் பொறுத்தவரை அந்த வரைபடம் ஒரு செயற்கைத் தலையில், ரப்பர் காது மடலில் எடுத்தது. அந்த ரப்பர் மடலுக்குத் தோடு கிடையாது, கண்ணாடி கிடையாது, தலைமுடி கிடையாது. ஹெட்போனைக் கழற்றி மறுபடி மாட்டி அளந்தாலே கீழ்ச்சுருதிக் கோடு இடம் மாறும் என்பதால்தான் கவனமாக அளப்பவர்கள் பலமுறை மாட்டி எடுத்துச் சராசரி போடுகிறார்கள். ஆகவே வரைபடத்தின் மேல்சுருதிப் பகுதியை நம்பலாம். கீழ்ச்சுருதிப் பகுதியை உங்கள் காதில்தான் சரிபார்க்க முடியும். கீழ்ச்சுருதி குறைந்தால் செயலியிலுள்ள ஈக்குவலைசரில் ஏற்றிக்கொள்ளலாமே என்பது இன்னொரு வாதம். ஒழுகும் இடத்தில் ஏற்றினால் சவ்வு தன் சக்திக்கு மேல் அசைந்து ஒலி கரகரக்கும். ஹெட்போன் கொஞ்சம் நகர்ந்து நன்றாக அடைத்துக்கொண்டால், ஏற்றிவைத்த கீழ்ச்சுருதி தலையை இடிக்கும். அடைப்பு சரியாக இருக்கும் ஹெட்போனில் ருசிக்கேற்ப ஏற்றி இறக்குவதற்கு ஈக்குவலைசர் நல்ல கருவி. அடைப்பே இல்லாததற்கு அது மருந்தாகாது.

அடைப்பு வேண்டுமானால் அழுத்தம் வேண்டும் என்பதுதான் இந்த ரகத்தின் சங்கடம். பெரிய ரகம் கன்னத்து எலும்பையும் தலையோட்டையும் அழுத்துகிறது, அவை தாங்கும். இது காது மடலின் குருத்தெலும்பை அழுத்துகிறது. முதல் பத்து நிமிடம் எதுவும் தெரியாது. அரை மணி கழித்து மடல் சூடேறும், அதன்பின் வலிக்கத் தொடங்கும். எனவே கடையில் பாட்டு கேட்பது மட்டும் போதாது. முடிந்தால் மாட்டிய ஹெட்போனோடு அங்கேயே பேசிக்கொண்டு நேரத்தைக் கழியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அது முடியாதென்றால், திருப்பித் தர அவகாசம் கொடுக்கும் கடையில் வாங்கி, வீட்டில் முதல் நாளே ஒரு முழுப்படம் பார்க்கும் நேரம் விடாமல் அணிந்து பாருங்கள். படம் பார்க்கும்போது உதட்டசைவும் வசனமும் ஒத்துப்போகின்றனவா என்பதும் தெரிந்துவிடும். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாகத்தான் வரும், வீடியோ செயலிகள் அதைச் சரிக்கட்டும், விளையாட்டுச் செயலிகள் பெரும்பாலும் சரிக்கட்டா.

மெத்தையின் ஆயுளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கெரியான் வட்டாரம் நெல்வயலும் வாய்க்காலும் சூழ்ந்த தாழ்நிலம். ஆண்டு முழுதும் வெக்கையும் ஈரப்பதமும் குறையாத காற்று. மெத்தையின் மேலுறை பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற செயற்கைத் தோல். ஈரமும் சூடும் சேர்ந்தால் அதன் வேதிப் பிணைப்புகள் மெல்ல அறுந்து, கறுப்புச் செதில்களாக உரியும். வியர்வை அதை விரைவுபடுத்தும். பேட்டரியைப் பாருங்கள். 50 மணி நேரம் ஓடும் பேட்டரியை ஐந்நூறு முறை சார்ஜ் செய்தால் இருபத்தைந்தாயிரம் மணி நேரம் ஆகிறது. தினம் இரண்டு மணி நேரம் கேட்பவருக்கு அது முப்பது ஆண்டுக்கு மேல். அதற்கு முன்பே வயதாகிப் பேட்டரி சோர்ந்துவிடும் என்பது வேறு கதை. மெத்தையோ சில ஆண்டுகளிலேயே உரியத் தொடங்கிவிடும். உரிந்த மெத்தை அடைக்காது. அடைக்காத மெத்தையில் ஒலி போய்விடும். பேட்டரி மணி நேரத்தை விசாரிப்பவர்கள் மெத்தையைக் கழற்றி மாற்ற முடியுமா, மாற்று மெத்தை தனியாகக் கிடைக்குமா என்பதை விசாரிப்பதில்லை. கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இனி இரைச்சல். பாரிட் புந்தாரிலிருந்து கொமூட்டர் ரயிலேறி புக்கிட் மெர்தாஜாம், பட்டர்வொர்த் பக்கம் வேலைக்குப் போய்வருபவர்கள் ஹெட்போன் வாங்க நினைப்பதே பயணத்துக்காகத்தான். அவர்களுக்குத்தான் இந்த ரகம் பொருந்தாது. ரயிலின் இரைச்சலில் கீழ்ச்சுருதி ஓங்கியிருக்கும். வெளியேயிருந்து வரும் கீழ்ச்சுருதியைத் தடுப்பதில் காதின் மேல் அமரும் மெத்தை மிகப் பலவீனமானது. இரைச்சல் பாட்டை மூடும்போது கை தானாக ஒலியைக் கூட்டும். உலகச் சுகாதார நிறுவனம் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 83இல் 20 மணி நேரம், 86இல் 10 மணி நேரம், 90இல் 4 மணி நேரம். வாரத்தில் ஐந்து நாள், போக ஒரு மணி வர ஒரு மணி என்று பயணம் செய்பவர் ரயிலிலேயே பத்து மணி நேரம் கேட்டுவிடுகிறார். வீட்டில் 80 டெசிபலில் கேட்பவர் ரயிலில் ஆறு டெசிபல் கூட்டினால் அவருடைய வார வரம்பு ரயிலிலேயே தீர்ந்துபோகும். ஆறு டெசிபல் என்பது பெரிய கூச்சல் அல்ல. பலருக்குக் கூட்டியதே நினைவிருக்காது.

இரைச்சலை அழிக்கும் வசதி உள்ளதை வாங்கினால் தீராதா என்று கேட்கலாம். அந்த வசதி வெளி இரைச்சலை ஒலிவாங்கியில் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையைக் காதுக்குள் அனுப்பி அடக்குகிறது. கீழ்ச்சுருதியில்தான் அது திறமை காட்டும். இடைவெளி இருந்தால் எதிரலையும் பாட்டைப் போலவே ஓரம் வழியே நழுவும். காதைச் சுற்றி மூடுவதிலும் காதுக்குள் செருகுவதிலும் இந்த வசதி நன்கு எடுபடுவதற்கும் இந்த ரகத்தில் அரைகுறையாக நிற்பதற்கும் காரணம் இதுவே. இன்னொன்று: நெல் ஆலையிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்பவர்கள் ஹெட்போனைக் காதுக் கவசமாக எண்ணிவிடக் கூடாது. மலேசியாவின் 2019ஆம் ஆண்டு தொழிலிட இரைச்சல் விதிகள் நாளொன்றுக்கு 85 டெசிபலை வரம்பாக வைத்திருக்கின்றன; 82ஐத் தாண்டினாலே மிகை இரைச்சல் என்கின்றன. அங்கே முறையான காதுக் கவசம்தான் போட வேண்டும். இரைச்சலுக்கு மேல் பாட்டை ஏற்றிக் கேட்பது, ஒன்றுக்கு இரண்டாக ஒலியைக் காதில் ஏற்றுவது. மோட்டார் சைக்கிளிலோ பேச்சே இல்லை; ஹெல்மெட்டுக்குள் இது நுழையாது, நுழைத்தாலும் பின்னால் வரும் லாரியின் ஹார்ன் கேட்க வேண்டிய காது அது.

அப்படியானால் இந்த ரகத்தை யார்தான் வாங்குவது, எல்லாரும் காதுக்குள் செருகுவதையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். தேவையில்லை. 1979இல் சோனி வாக்மேன் வந்தபோது அதோடு வந்ததே காதின் மேல் அமரும் இலேசான பஞ்சு ஹெட்போன்தான். 1984இல் வந்த காஸ் போர்ட்டா புரோ இன்றுவரை விற்பனையில் இருக்கிறது. வெளிச் சத்தம் கொஞ்சம் கேட்பது பல இடங்களில் குறையே இல்லை. அடுப்பில் குக்கர் விசில் அடிப்பதும், வாசலில் யாரோ கூப்பிடுவதும், குழந்தை அழுவதும் கேட்க வேண்டிய வீட்டில் அதுதான் வசதி. காதில் சீழோ அரிப்போ உள்ளவர்கள் துளையை அடைத்து ஈரம் தேக்கக் கூடாது. விரல் நடுங்கும் முதியவர்களுக்குச் சுண்டுவிரல் நுனி அளவுள்ள உருப்படியைப் பொருத்துவதும் தேடுவதும் தொல்லை; அழுத்தினால் அமுங்கும் பொத்தானும் தலையில் மாட்டும் பட்டையும் உள்ளது சுலபம். நிபோங் தெபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாக மாணவர் விடுதி அறையில் படிப்பதற்கும் இதுவே போதும்.

முதியவர்களுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மின்னல் எஃப்.எம். கேட்கத்தான் பலரும் ஹெட்போன் கேட்கிறார்கள். கைப்பேசியில் இருக்கும் எஃப்.எம். ரேடியோ, ஹெட்போனின் கம்பியையே ஏரியலாகப் பயன்படுத்தும். கம்பி இல்லையென்றால் ஏரியலும் இல்லை. அப்போது ஆர்.டி.எம். கிளிக் போன்ற செயலி வழியே இணையத்தில்தான் கேட்க வேண்டும். நொடிக்கு 64 கிலோபிட் ஒலிபரப்பு என்று வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 29 மெகாபைட் டேட்டா ஆகும். அப்பா ஒரு நாளில் நான்கு மணி நேரம் கேட்பவரானால் மாதத்துக்கு மூன்றரை கிகாபைட். ப்ரீபெய்ட் எண் வைத்திருப்பவருக்கு ஹெட்போனோடு டேட்டாவையும் சேர்த்து வாங்கித் தர வேண்டும். செய்தி வாசிப்பு அவர் காதில் தெளிவாக விழுகிறதா என்பதையும் அவரையே கேட்கச் சொல்லிப் பாருங்கள். லகர ளகர ழகர வேறுபாடு மங்கி, ‘ஸ’வும் ‘ஷ’வும் குத்தலாகக் கேட்டால் அந்த ஹெட்போன் பாட்டுக்கு ஆனாலும் பேச்சுக்கு ஆகாது.

தொலைபேசிப் பேச்சுக்கும் இணைய வகுப்புக்கும் வாங்குபவர்கள் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, காதருகே இருக்கிறது. கணினியில் அதைத் திறந்த உடனே புளூடூத் பாட்டு முறையிலிருந்து பேச்சு முறைக்கு மாறுவதால், நீங்கள் கேட்கும் ஒலியும் பழைய தொலைபேசித் தரத்துக்குச் சுருங்கிவிடுகிறது. இது ஹெட்போனின் பழுது அல்ல. மடிக்கணினியின் சொந்த ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஹெட்போனைக் கேட்க மட்டும் வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

கடையில் இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பதே நல்லது என்று மனித மூளை தீர்ப்புச் சொல்லிவிடும். விற்பவர்களுக்கு இது தெரியும். இரண்டிலும் ஒரே பாட்டு, ஒரே கைப்பேசி, ஒரே செயலி. பெட்டியில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் எம்.சி.எம்.சி. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். புளூடூத் ஒரு வானொலிக் கருவி என்பதால் மலேசியாவில் விற்க அந்தச் சான்று வேண்டும். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் தருவிக்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதையும் விலை ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரசீதை எறிய வேண்டாம். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று கடையில் எழுதி ஒட்டியிருந்தாலும், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஒரு மாதத்தில் ஒரு பக்கம் ஊமையாகிப்போன ஹெட்போனுக்கு அந்த அறிவிப்பு பதிலாகாது. கடைக்காரர் மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை, பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்.